ஆட்சித்துறைக் கல்வியும் வழிச்செலவும்

அரசாங்க சேவையின் வாயில் தகுதியுடையோர் அனைவருக்கும் திறந்திருக்கின்றது என்று சட்டம் கூறலாம். அவ்வாயில் வரை நடந்து செல்வதற்கு வேண்டிய வழிச்செலவை யார் கொடுப்பது என்பது வேறொரு வினா. இலங்கையின் கல்வி வரலாறும் நிருவாக வரலாறும் சந்திக்கும் இடம் அதுவே. கிழக்குக் கரையிலே கல்முனை முதல் அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு வரை, தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒரே வயல்வெளியை அடுத்தடுத்து உழுது வாழும் நாட்டில், இவ்வினாவுக்கு ஒருமுறை நல்லதொரு விடை அரும்பியது. அதனை அறிய முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. உயர்கல்வி வேண்டியோர் கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அரசாங்கம் திறமைமிக்க மாணவர் ஒரு சிலருக்கு மாத்திரம் இங்கிலாந்து செல்லப் புலமைப்பரிசில் வழங்கியது. கொழும்பு அக்கடமியில் கற்ற பொன்னம்பலம் அருணாசலம் 1870ஆம் ஆண்டில் அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1875இல், திறந்த போட்டித் தேர்வின் வழியாக இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதலாவது இலங்கையர் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய அறிவாற்றலில் எவருக்கும் ஐயமில்லை. எனினும் அவர் பிறந்தது செல்வமும் செல்வாக்கும் உடைய முதலியார் குடும்பம் என்பதும் மறக்கற்பாலதன்று. தலைநகரின் நல்ல பாடசாலையில் ஆங்கிலம் கற்ற பிள்ளையே அப்பரிசிலுக்குப் போட்டியிடத்தக்கவனாக இருந்தான். பரிசில் தகுதிக்கு உரியது. அத்தகுதியை ஈட்டும் வாய்ப்போ பெரும்பாலும் பணத்துக்கு உரியதாயிற்று.

இக்குறையை அருணாசலமே நன்கு உணர்ந்திருந்தார். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றுவதற்கு அவர் முன்னின்றார். கரை கடவாமலே உயர்கல்வி பெறும் வழி நாட்டில் அமைய வேண்டும் என்பது அச்சங்கத்தின் கோரிக்கை. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. கடற்பயணச் செலவு இவ்வாறு குறைந்தது. ஆயினும் மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள ஊர்களில் இருந்து நோக்குவோர்க்குக் கொழும்பும் எட்டாத தூரமாகவே இருந்தது. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதப் பாதை அதற்குத் தெற்கே நீளவில்லை. தூரத்திலும் பெரிய தடை, தலைநகரில் உண்ண உணவும் உறங்க இடமும் தேடுவதற்கான செலவு.

இந்நிலையில் கல்முனைக்கு வந்து சேர்ந்தவர் ஏ. எம். ஏ. அசீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911ஆம் ஆண்டு பிறந்த அவர், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, கொழும்பில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றார். மேற்படிப்புக்காக அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். சிவில் சேவைத் தேர்வில் சித்தியடைந்தமையால் அப்படிப்பை இடைநிறுத்தித் தாயகம் மீண்டார். 1935இல் சேவையில் இணைந்த அவரே சிவில் சேவையின் முதலாவது முஸ்லிம் உத்தியோகத்தர். பொதுப் பணத்தின் உதவியால் ஒருவனுக்கு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. வெளிநாட்டு அரிசியின் வரவு அருகியது. நெற்செய்கையைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் உதவி அரசாங்க அதிபராக அசீஸ் அனுப்பப்பட்டார். கணக்கேட்டில் காணும் ஏக்கரும் புசலுமே அவர் பணியின் எல்லையாக இருந்திருக்கலாம். அவரோ வயலை மாத்திரம் நோக்கவில்லை. வயலில் நின்ற பிள்ளைகளையும் நோக்கினார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் முயற்சியால் உருவாயிற்று. கல்முனையை அடுத்த காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு நாட்டின் கல்விக்காகப் பெருந்தொண்டு ஆற்றிய சுவாமி விபுலானந்தருடைய நட்பும் அவருக்கு வாய்த்தது. ஒருவர் துறவி, மற்றவர் அரசாங்க அதிகாரி. சமயம் வேறாயினும் கல்வி பற்றிய கவலை இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

கல்முனையில் முளைத்த எண்ணம் 1945இல் நாடளாவிய வடிவம் பெற்றது. அவ்வாண்டு அசீஸின் முயற்சியால் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கப்பட்டது. திறமையிருந்தும் பொருளில்லாத மாணவர் உயர்கல்வியைத் தொடர உதவுவதே அதன் நோக்கம். அதே 1945இலேதான், கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை நாட்டுக்குக் கிடைத்த ஆண்டிலேயே, மாணவர் உதவிக்கென ஒரு நிதியம் எதற்கு என்று வினவலாம். விடை எளிது. கட்டணம் என்பது கல்விச் செலவின் ஒரு கூறு மாத்திரமே. ஆசிரியருக்குரிய ஊதியத்தை அரசு ஏற்றுக்கொண்டது. மாணவனின் உணவு, உடை, நூல், பயணம் ஆகியவற்றை அவன் வீடே ஏற்க வேண்டியிருந்தது. உழைக்கத்தக்க பிள்ளை உழைக்காமற் படிப்பதனால் வீடு இழக்கும் வருமானமும் உண்டு. இலவசக் கல்வி பெருங்கதவைத் திறந்தது. சகாய நிதி அக்கதவு வரை செல்வதற்குக் கைக்காசு கொடுத்தது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று, துணையாகும்.

பின்னர் அரசும் இவ்வுண்மையை ஏற்றது. 1981இல் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் ஏற்பட்ட மகாபொல நிதியம், பல்கலைக்கழக மாணவருக்குத் தகுதியும் தேவையும் நோக்கி மாதாந்த உதவி வழங்கத் தொடங்கியது. நிருவாகத் துறையும் மாறியது: 1963இல் பழைய சிவில் சேவை நீங்கி, நிருவாக சேவை உருவாயிற்று. 1995இல் தோன்றிய உயர்கல்வி நிறுவனம் அடுத்த ஆண்டில், இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஆலையடிவேம்பு மாணவர் ஒருவர் அரசறிவியல் கற்க இன்று நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

ஆயினும் முதற்பட்டத்தோடு இலவசத்தின் எல்லை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. பொது நிருவாகம், பொதுக் கொள்கை முதலிய துறைகளில் முதுமாணிப் பட்டம் நாடுவோர் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பொதுவாகக் கட்டணம் செலுத்தியே பயில்கின்றனர். மகாபொல உதவியும் அப்படிக்கு எட்டுவதில்லை. சேவையில் உள்ள உத்தியோகத்தருக்கு அரசின் பயிற்சி வாய்ப்புகள் உண்டு. வெளிநாடு செல்ல விரும்புவோர்க்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்கப் புல்பிரைட், பிரித்தானியச் செவனிங் ஆகியன உள்ளன. இவை யாவும் மதிக்கத்தக்கனவே. ஆனால் ஆங்கிலத் தேர்ச்சியும் முன்னனுபவமும் விண்ணப்பம் எழுதும் பழக்கமும் உடையோரையே இவை இலகுவாகச் சென்றடைகின்றன. தமிழில் கற்று, இன்னும் வேலை பெறாது நிற்கும் கிராமத்துப் பட்டதாரிக்கு, 1870ஆம் ஆண்டின் பரிசில் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்திலேயே இவையும் நிற்கின்றன.

எனவே உதவியின் தொகையை மாத்திரம் எண்ணுதல் போதாது. அது வரும் காலமும் எண்ணத்தக்கது. வேளாண்மை வெட்டு முடிந்த பின்னரே காசு காணும் வீட்டில், தவணை தொடங்கும்போது கிடைக்கும் சிறு தொகை, ஆண்டிறுதியில் வரும் பெருந்தொகையிலும் பயனுடையது. வீட்டிலிருந்து வரும் தகவலை அறிந்து, பிள்ளையை அறிந்து, தக்க நேரத்தில் கொடுக்கும் கை வேண்டும். ஊரறிந்த சங்கமே அதற்கு ஏற்றது. கல்முனை அனுபவம் காட்டும் பாடம் அதுவே.

இப்பாடம் தனியொரு மாணவனின் நலத்தோடு முடிவதன்று. காணி, நீர், நெல், பாடசாலை ஆகியன பற்றித் தீர்மானம் செய்யும் மேசைகளில் யார் அமர்வர் என்பது, யார் படிக்க முடிந்தது என்பதைப் பொறுத்தது. வரம்பில் நடந்து பழகியவன் அம்மேசையில் அமரும்போதுதான் வாய்க்காலின் கதை கோப்பினுள் நுழையும். அவனை அங்கு கொண்டுசேர்க்கும் வழிச்செலவு தருமம் அன்று. ஒரு நாடு தன் நல்லாட்சிக்காக முன்கூட்டியே இடும் விதைநெல்லாகும்.