பாராமகால் அறிக்கைகள் முதல் பொதுக் கணக்குக் குழு வரை: தருமபுரியும் அரசுத் தணிக்கையின் வரலாறும்

அரசு ஒரு திட்டத்துக்குச் செலவிட்ட பணம் முறையாகச் செலவானதா, அதனால் எண்ணிய பயன் கிடைத்ததா என்று ஆராய்ந்து, மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய சட்டமன்றக் குழுவிடம் எடுத்துரைப்பதே அரசுத் தணிக்கை ஆகும். இந்த முறை ஒரே நாளில் உருவானதன்று. அதன் தொடக்க காலத் தடயங்களில் ஒன்று இன்றைய தருமபுரி மாவட்டம் அடங்கியிருந்த பாராமகால் பகுதியில் காணப்படுகிறது.

பாராமகாலும் இலண்டன் குழுவும்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதன் நிருவாகத்தைத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ், கம்பெனியின் வழக்கமான சிவில் அலுவலர்களிடம் கொடுக்கவில்லை. உள்ளூர் மொழிகளை அறிந்த படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீடிடம் கொடுத்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ அடுத்த ஏழாண்டுகளில் பெரும்பகுதியைத் தருமபுரியில் கழித்தார்.

கர்ணங்கள் எழுதி வைத்த கணக்கை மட்டும் நம்பாமல், வயல் வயலாக நிலத்தை அளந்து தீர்வை விதிக்க ரீட் முற்பட்டார். ஜமீன்தார் போன்ற இடைத்தரகர் இல்லாமல், உழவரோடு நேரடியாகத் தீர்வை முடிவு செய்யும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. அளவை, மகசூல், தீர்வை, நிலுவை ஆகியவை பற்றி ரீடும் அவருடைய உதவியாளர்களும் சென்னை வருவாய் வாரியத்துக்கு விரிவான அறிக்கைகளை அனுப்பினர்.

கம்பெனியின் பட்டயத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியபோது, இங்கிலாந்தின் மக்களவை கம்பெனி விவகாரங்களை ஆராய ஒரு தனிக்குழுவை அமைத்தது. அக்குழு 1812இல் வெளியிட்ட அறிக்கை 'ஐந்தாம் அறிக்கை' எனப் புகழ்பெற்றது. பாராமகால் நில அளவையும் தீர்வை முறையும் அதில் விவரிக்கப்பட்டன. 1813இல் மன்றோவே மக்களவையின் முன் சாட்சியம் அளித்தார். தருமபுரிப் பக்கத்து வயல்களின் கணக்கு, கடல் கடந்து ஒரு சட்டமன்றக் குழுவின் மேசைக்குச் சென்றது இவ்வாறுதான். 1820இல் மன்றோ சென்னையின் ஆளுநரானார். ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது.

ஆனால் இதில் ஒரு பெருங்குறை இருந்தது. தீர்வையை வசூலித்தவரும் அதைப் பற்றி அறிக்கை எழுதியவரும் ஒரே ஆட்களே. அவர்கள் எழுதியதைச் சரிபார்க்கத் தனி ஆள் இல்லை. தீர்வை கட்டிய உழவரின் குரலும் அக்குழுவை எட்டவில்லை. ஆகவே அதை அறிக்கை என்று சொல்லலாமே தவிர, தணிக்கை என்று சொல்ல இயலாது.

தனித்து நிற்கும் தணிக்கையாளர்

செலவு செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் 1861இல் பொதுக் கணக்குக் குழு தோன்றியது. 1866ஆம் ஆண்டுச் சட்டம் தணிக்கையாளர் தம் முடிவுகளை நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வழி செய்தது. இந்தியாவில் 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு, 1921 முதல் பொதுக் கணக்குக் குழுக்கள் செயல்படத் தொடங்கின.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியை வரையறுத்தன. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான முறையில்தான் அவரைப் பதவியிலிருந்து நீக்க முடியும். ஆட்சியில் இருப்போருக்கு அஞ்சாமல் எழுத இதுவே அவருக்குக் காப்பு. அரசியலமைப்பில் மிக முக்கியமான அலுவலர் இவராகவே இருக்கக்கூடும் என்று அம்பேத்கர் 1949இல் அரசியல் நிருணய சபையில் கருத்துத் தெரிவித்தார். தணிக்கையாளரின் கடமைகளும் அதிகாரங்களும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன.

ஒரு குறிப்பு அறிக்கையாகும் வழி

தமிழ்நாட்டில் இப்பணியைச் சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகங்கள் செய்கின்றன. தணிக்கைக் குழுவினர் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே சமயத்தில் செல்வதில்லை. மாதிரியாகச் சில மாவட்டங்களையும் ஒன்றியங்களையும் தேர்ந்தெடுத்து, கோப்பு, ரொக்கப் பதிவேடு, அளவுப் புத்தகம், பட்டியல்கள் ஆகியவற்றைப் பார்வையிடுகின்றனர். தேவையானால் வேலை நடந்த இடத்தையும் நேரில் காண்கின்றனர்.

ஐயம் எழும் இடத்தில் முதலில் அலுவலகத் தலைவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்படுகிறது. பதில் நிறைவளிக்காவிட்டால் அது ஆய்வறிக்கையில் பத்தியாக இடம்பெறுகிறது. பெரும்பாலான பத்திகள் துறையின் பதிலோடு முடிந்துவிடும். முக்கியமானவை மட்டும் வரைவுப் பத்திகளாக அரசுச் செயலாளருக்கு அனுப்பப்படுகின்றன. செயலாளரின் கருத்தும் சேர்க்கப்பட்ட பின்னரே அவை அச்சேறுகின்றன. குறை சொல்லப்பட்டவருக்குப் பதில் சொல்ல இத்தனை வாய்ப்பு தரப்படுவதால்தான் தணிக்கை அறிக்கைக்கு மதிப்பு ஏற்படுகிறது.

பிரிவு 151இன்படி மாநிலம் பற்றிய அறிக்கை ஆளுநரிடம் அளிக்கப்படுகிறது. அவர் அதைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்கிறார். இத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்ற காலவரையறை அப்பிரிவில் இல்லை. அறிக்கை தாமதமாக வெளிவந்தால் குறைக்குக் காரணமானவர் மாறுதலாகியோ ஓய்வு பெற்றோ சென்றிருப்பார். திட்டமே கூட முடிந்துபோயிருக்கும்.

குழுவின் முன்

அவையில் வைக்கப்பட்ட அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குச் செல்கிறது. அரசு நிறுவனங்களைப் பற்றிய அறிக்கைகளைப் பொது நிறுவனங்கள் குழு ஆராய்கிறது. அமைச்சர்கள் பொதுக் கணக்குக் குழுவில் உறுப்பினராக முடியாது. துறைச் செயலாளர்கள் நேரில் வந்து சாட்சியம் அளிக்கின்றனர். கணக்காயர் குழுவின் அருகில் இருந்து ஐயங்களைத் தெளிவிக்கிறார். குழு மாவட்டங்களுக்குச் சென்று பணிகளை நேரில் பார்வையிடுவதும் உண்டு.

குழுத் தலைவர் ஆளுங்கட்சியைச் சாராதவராக இருப்பது நல்லது என்பது பரவலான கருத்து. நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரையே தலைவராக்கும் மரபு உள்ளது. தமிழ்நாட்டில் 2021இல் அமைந்த குழுவுக்கு, ஆளுங்கட்சியின் கூட்டணியைச் சேர்ந்த காங்கிரசின் கு. செல்வப்பெருந்தகை தலைவரானார்.

குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அது பரிந்துரை செய்கிறது. அப்பரிந்துரையின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அரசு பதில் தர வேண்டும். கொள்கை சரியா தவறா என்பதும் அதன் வேலையன்று. அவை ஒதுக்கிய பணம் ஒதுக்கிய நோக்கத்துக்கே பயன்பட்டதா என்பதே அதன் கேள்வி.

தருமபுரியின் தண்ணீர்

இக்கேள்வியின் பொருளை விளங்கிக்கொள்ளத் தருமபுரியின் குடிநீரை எடுத்துக்கொள்ளலாம். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை மீறிய நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை விழும். நாள் பட்டால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கப்பட்டது. ஜப்பானிய நிதியுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக இதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மேற்கொண்டது. 2013இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது.

இத்தகைய திட்டத்தை மூன்று நிலைகளில் தணிக்கை செய்யலாம். கணக்கு சரியாக எழுதப்பட்டதா என்பது நிதித் தணிக்கை. ஒப்பந்தப்புள்ளி விதிகளும் நிபந்தனைகளும் பின்பற்றப்பட்டனவா என்பது விதிப்பின்பற்றல் தணிக்கை. கடைக்கோடிக் குடியிருப்பின் குழாயில் காவிரி நீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மக்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பதை விட்டார்களா என்பது செயல்திறன் தணிக்கை. முதல் இரண்டிலும் ஒரு குறையும் இல்லாத திட்டம் மூன்றாவதில் தோற்கக்கூடும். குழாய் பதித்ததற்கான பட்டியல் சரியாக இருப்பதால் மட்டும் குழந்தையின் பல் வெண்மையாகிவிடாது.

ஊர் மன்றம் வரை

சட்டமன்றத்தோடு தணிக்கை முடிந்துவிடுவதில்லை. ஊராட்சிகளின் கணக்கைத் தணிக்கை செய்ய மாநிலச் சட்டம் வழி செய்யலாம் என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 243ஞ. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில், வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என விதித்தது. வருகைப் பட்டியலில் உள்ள பெயரை ஊரார் முன் உரக்கப் படிக்கும்போது, அந்தப் பெயருக்குரியவர் வேலை செய்தாரா, கூலி பெற்றாரா என்று சொல்ல அங்கேயே ஆட்கள் இருக்கின்றனர்.

1812இல் பாராமகால் உழவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில், அவர் அறியாத மொழியில் பேசினார்கள். இன்று அவருடைய வழித்தோன்றல்கள் கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. சட்டமன்றக் குழுவின் பரிந்துரையும் கிராம சபையின் கேள்வியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான் தணிக்கை முழுமை பெறும்.