மருந்து போகும் வழி: முற்றிய பார்க்கின்சன் நோயில் பம்புச் சிகிச்சையைத் தேர்வது குறித்து

முற்றிய பார்க்கின்சன் நோயில் லெவோடோபா என்னும் மருந்து பலனற்றுப் போகிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. மூளையை எட்டினால் அம்மருந்து இன்றும் உடலை இயக்குகிறது, எட்டுவதில்தான் சிக்கல். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 90 நிமிடம் போதும். நோயின் தொடக்கத்தில், எஞ்சிய நரம்பணுக்கள் அதிலிருந்து உருவாகும் டோபமினைச் சேமித்து வைத்து இக்குறையை ஈடுகட்டுகின்றன. அவை அழிந்தபின் ஒவ்வொரு வேளை மாத்திரையும் நேரடியாக உடலில் தெரிகிறது. இரைப்பையோ மந்தமாகக் காலியாகிறது; மருந்தை உறிஞ்சும் மேற்சிறுகுடலுக்கு மாத்திரை தாமதமாகவே வந்து சேர்கிறது. அங்கும் உணவுப் புரதத்தின் அமினோ அமிலங்கள் அதனோடு போட்டியிடுகின்றன. மருந்து இறங்கும்போது உடல் விறைக்கிறது, ஏறும்போது தன்வசமின்றி ஆடுகிறது.

இரைப்பையைத் தவிர்த்து, மருந்தை இடைவிடாது செலுத்துவதே பம்புகளின் பணி. சுவீடனில் உருவான லெவோடோபா-கார்பிடோபா கூழ், வயிற்றில் இட்ட துளைவழிக் குழாயால் சிறுகுடலுக்குப் போகிறது. டோபமினைப் போலச் செயல்படும் அபோமார்ஃபினும், உடலில் லெவோடோபாவாக மாறும், அண்மையில் வந்த ஃபாஸ்லெவோடோபாவும் தோலடியில் செல்கின்றன.

இவற்றுள் எது சிறந்தது? 12 வார ஆய்வுகள் மூன்றைப் பார்ப்போம். கூழ், மருந்து இறங்கி உடல் முடங்கும் நேரத்தை மாத்திரையைவிட நாளுக்கு 1.91 மணி கூடுதலாகக் குறைத்தது (2014). அபோமார்ஃபின், போலி மருந்தைவிட 1.89 மணி (2018). ஃபாஸ்லெவோடோபா, தொல்லைதரும் அசைவுகளின்றி இயங்கும் நேரத்தை 2.72 மணி கூட்டியது. மாத்திரைக் குழுவில் அது 0.97 மணி (2022). ஒப்பிட்டவையும் அளந்தவையும் வேறுவேறு என்பதால் இவ்வெண்களை வைத்துத் தரவரிசை போட முடியாது. தேர்வை வேறோரிடத்தில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

அந்த இடம் நோயாளியின் தோல், வயிறு, வீடு. 2022 ஆய்வில் ஃபாஸ்லெவோடோபா பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் பாதகவிளைவுகளால் விலகினர். மாத்திரைக் குழுவில் 1 விழுக்காட்டினரே. ஊசி இறங்கிய இடத்தில் சிவப்பு, வலி, தொற்று. அபோமார்ஃபின் தோலடியில் கட்டிகளை உண்டாக்குகிறது. கூழ்க்குழாய் இடம்பெயரும், அடைபடும், துளையருகே சீழ்பிடிக்கும். ஊசியிடத்தை மாற்றவும், பம்பில் மருந்தேற்றவும், குழாயைக் கழுவவும் நுண்மையான விரலசைவு வேண்டும். இந்நோய் பறிப்பதும் அதைத்தான்! ஆகவே, நடைமுறையில் பம்பை இயக்குவது பெரும்பாலும் மனைவியோ கணவரோ மகளோதான்.

இச்சிகிச்சைக்கு உரியவரை இனங்காண வல்லுநர்கள் 2018இல் முன்வைத்த 5-2-1 அளவுகோல், நாளுக்கு ஐந்து வேளை லெவோடோபா, இரண்டு மணி முடக்கம், ஒரு மணி தொல்லைதரும் அசைவு ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. காலத்தே நோயாளியை அனுப்பிவைக்க இது மிகவும் உதவுகிறது. கடைசிப் புகலிடமாகப் பம்பை ஒத்திப்போடும் வழக்கத்தை இது உடைக்கட்டும். ஆனால் எந்தப் பம்பு என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. காலையில் ஊசியிடுபவர் யார், இரவில் குழாய் அடைத்தால் அழைக்கத்தக்க செவிலியர் உண்டா, பராமரிப்பவருக்கே கை நடுங்குகிறதா என்பவற்றை மருத்துவர் கேட்டு, முடக்க நேரத்தைக் குறிக்கும் அதே நோயேட்டில் எழுதிவைக்க வேண்டும். இரவும் பகலும் ஓடும் தோலடி லெவோடோபா, விடியலில் புரளவும் இயலாதவருக்குப் பெரும் ஆறுதல். தனியே வாழ்பவருக்கு அதே பம்பு, உதவியாளர் அமையும்வரை, தகாது.