மூவர் பாடிய நூறு

ஹைக்கூ என்றால் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாரதியார் புதுவையில் இருந்தபோதே, 1916-இல், சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் குட்டிக் கவிதை ஆதியில் தனியாக நின்றதல்ல. பலர் கூடிப் பாடிய ஒரு தொடர்பாட்டின் முதல் கண்ணி அது. அந்தத் தொடர்பாட்டுக்கு ரெங்கா என்று பெயர்.

எனக்கு இது தெரிய வந்தது பிரெஞ்சு வழியாக. 1969-இல் பாரிஸில் ஒக்தாவியோ பாஸ் முதலிய நான்கு கவிஞர்கள் கூடி, அவரவர் மொழியில் ஒரு ரெங்கா எழுதினார்கள். 1971-இல் அது புத்தகமாக வந்தது. பாஸ் அதற்கு முந்தின வருஷம் வரை டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்தவர். அந்த நூலைப் படித்த பிறகு, அதன் மூலத்தைத் தேடிப் போனேன்.

1488-ஆம் ஆண்டின் தொடக்கம். கியோட்டோவுக்குத் தெற்கே மினாசே என்ற ஊர். சோகி என்ற துறவிக் கவிஞரும், அவருடைய சீடர்கள் ஷோஹாகு, சோச்சோ இருவரும் நூறு கண்ணிகள் பாடினார்கள். கோதொபா என்ற பழைய அரசருக்கு அது காணிக்கை. மினாசேயில் அரண்மனை கட்டி வாழ்ந்தவர் அவர். 1221-இல் கமகுரா ஆட்சியை எதிர்த்துத் தோற்று, ஒகி தீவுக்குக் கடத்தப்பட்டு, 1239-இல் அங்கேயே இறந்தார். பாடியவர்கள் காலமும் நல்ல காலம் அல்ல. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோட்டோ நகரின் பெரும்பகுதி எரிந்து போயிருந்தது. அந்த நாட்டில் உட்கார்ந்துதான் பனி, மூடுபனி, நிலா, பூ என்று பாடினார்கள்.

முறை இதுதான். முதல் கண்ணிக்கு 5-7-5 என்று 17 அசை. அடுத்தவர் 7-7 என்று 14 அசை. இப்படியே மாறி மாறி நூறு வரை. நம் அந்தாதியில் முடிந்த சொல்லே அடுத்த பாட்டைத் தொடங்கும்; கடைசிப் பாட்டு முதல் பாட்டோடு போய்ச் சேரும். ரெங்கா அப்படியல்ல. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தினதோடு ஒட்ட வேண்டும். அதற்கும் முந்தினதை விட்டு விலக வேண்டும். கதையாக வளரக் கூடாது. வசந்தமோ இலையுதிர்காலமோ வந்தால் மூன்று கண்ணியாவது நீடிக்க வேண்டும். நான்கு தாள்களில் எழுதுவார்கள்; தாளுக்கு ஒரு பூ.

என் மனம் போய் ஒட்டிக்கொண்டது சபையின் எழுத்தரிடம். ஒருவர் கண்ணி சொன்னதும் விதி மீறல் உண்டா என்று பார்த்து, இருந்தால் திருப்பி அனுப்புவார். சரியென்றால் உரக்க வாசித்துத் தாளில் பதிவார். காலமெல்லாம் கோப்பில் குறிப்பெழுதியவன் நான். மேலே ஒருவர் எழுதியதைப் படிக்காமல் கீழே எழுத முடியாது. எழுதிய பிறகு கோப்பு நம்முடையதும் அல்ல. சோகி குரு. ஆனாலும் தாம் சொன்ன கண்ணியைச் சீடர் வேறு பொருளில் திருப்பினால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

1502-இல், பயண வழியில், ஹக்கோனேயில் சோகி காலமானார். உடன் இருந்தவர் சோச்சோ. குருவின் கடைசி நாட்களை அவர்தான் எழுதி வைத்தார்.

மழைநாளில் பழைய நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தால், ஆளுக்கொரு வரி சொல்லிப் பாருங்கள். விதியெல்லாம் வேண்டாம். முந்தினவர் சொன்னதைக் காதில் வாங்கினால் போதும்.