குளச்சல் கரையும் வானொலியின் ஒலிமட்டமும்: கைத்திருகியிலிருந்து தானியங்கிக் கட்டுப்பாடு வரை

ஒரு வானொலி நிலையம் எந்த ஆண்டு தொடங்கியது என்பதைவிட, அதன் குரல் இரைச்சலை மீறிக் கேட்டதா என்பதே கடற்கரை ஊர்களுக்கு முக்கியம். இந்த நோக்கில் பார்த்தால், ஒலிபரப்பில் கெயினையும் (ஒலியைப் பெருக்கும் அளவு) கம்ப்ரெஷனையும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்குதல்) கட்டுப்படுத்தும் நுட்பத்தின் வளர்ச்சி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான குளச்சலின் கேட்டல் வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கிறது.

1956 நவம்பர் வரை குளச்சல் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. 1943இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய திருவனந்தபுரம் நிலையம் 1950இல் அகில இந்திய வானொலியின் கைக்குப் போனது. திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது. தென்தமிழகக் கரையில் இலங்கை வானொலியும் விரும்பிக் கேட்கப்பட்டது. இந்த நிலையங்கள் பயன்படுத்திய சிற்றலையும் மத்திய அலையும் அலைவீச்சுப் பண்பேற்றத்தில் இயங்குபவை. அதில் ஒலியின் உச்சம் நூறு விழுக்காட்டைத் தாண்டினால் ஊர்தி அலை கணநேரம் அறுந்துபோகும். குரல் கரகரக்கும், பக்கத்து அலைவரிசையிலும் சிதறும். மட்டம் தாழ்ந்தாலோ, இடியும் மின்னலும் எழுப்பும் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓட்டிச் செல்வது கட்டுப்பாட்டறைப் பொறியாளரின் வேலை. ஒரு கண் மீட்டர் முள்ளின் மேலும், ஒரு கை திருகியின் மேலும் இருக்கும். முள் துள்ளுவதைப் பார்த்துக் கை நகர்வதற்குள் உச்சம் கடந்து போயிருக்கும். கையால் செய்யும் கட்டுப்பாட்டின் எல்லை அதுதான்.

தானியங்கிக் கட்டுப்பாடு முதலில் வேரூன்றியது கேட்பவரின் பெட்டிக்குள்தான். அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் வீலர் 1925இல் உருவாக்கிய தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாடு, 1929இல் ஃபில்கோ பெட்டியில் விற்பனைக்கு வந்தது. சிற்றலை மங்கும்போது கெயினை உயர்த்தும், வலுக்கும்போது தாழ்த்தும் சுற்று அது. மங்கிய குரலோடு இரைச்சலையும் சேர்த்தே அது உயர்த்திவிடும் என்பதால், ஒலியைச் சீராக்கும் பொறுப்பு நிலையத்தின் தலையிலேயே நின்றது.

அனுப்பும் முனையில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1937இல் 110ஏ என்ற பெருக்கியைக் கொண்டுவந்தது. உச்சங்களைத் தானே தாழ்த்தும் கருவி அது. பிறகு சி.பி.எஸ். ஆய்வகத்தின் ஆடிமேக்ஸ் ஒரு நல்ல யோசனையைச் சேர்த்தது. பேச்சு நின்றால் கெயின் ஏறாமல் அப்படியே நிற்கும். இது இல்லாத கருவியில், செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறிச் சத்தம் பொங்கி எழும். 1975இல் பொறியாளர் ராபர்ட் ஆர்பனின் ஆப்டிமோட்-எஃப்.எம். என்ற கருவி கம்ப்ரெஸர், லிமிட்டர் (உச்சத்தை எல்லைக்குள் நிறுத்துவது), ஸ்டீரியோ ஜெனரேட்டர் மூன்றையும் ஒரே அமைப்பாக்கியது.

1977இல் சென்னையில் பண்பலை தொடங்கியது. 1984 அக்டோபர் 30இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் பண்பலையில் பிறந்தது. அதே 1980களில்தான் குமரிக் கரையின் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் அவுட்போர்டு எஞ்சின் பரவியது. தெளிவான குரல் கரைக்கு வந்த பத்தாண்டில், அதை மூழ்கடிக்கும் சத்தமும் படகில் ஏறிக்கொண்டது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் வந்ததே குளச்சலின் கேட்டல் வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் என்பது என் கருத்து. எஞ்சின் ஓடும் வள்ளத்தில் வாக்கியத்தின் தாழ்ந்த பகுதி, பெரும்பாலும் அதன் கடைசிச் சொல், காதில் விழாது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று அங்கேதான் நிற்கிறது. வானிலை அறிக்கையில், கடலுக்குப் போகலாமா, கூடாதா என்ற முடிவு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அளவான கம்ப்ரெஷன் அதைத் தூக்கி நிறுத்தும்.

ஆனால் பண்பலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரைச்சலைக் குறைப்பதற்காக உயர் அதிர்வெண்களை அனுப்பும்போதே கூட்டுகிறார்கள். இதற்குப் பெயர் பிரீ-எம்ஃபசிஸ். இந்தியாவில் பின்பற்றப்படும் 50 மைக்ரோவினாடி அளவில், 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 13.7 டெசிபெல் உயர்கிறது. ‘கடல் சீற்றம்’ என்று வாசிப்பதை எடுத்துக்கொள்வோம். ‘சீ’யின் உரசொலியில் உயர் அதிர்வெண் நிறைந்திருப்பதால், அதிர்வெண் விலக்கத்தின் 75 கிலோஹெர்ட்ஸ் எல்லையை அதுவே முதலில் முட்டும். எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே லிமிட்டர் என்றால், அந்த உரசொலியை அடக்கப் போய் மொத்தக் குரலையும் அமுக்கிவிடும். அது மெல்ல விடுபடுவதாக இருந்தால், பின்வரும் ‘ற்றம்’ தேய்ந்துபோகும். எச்சரிக்கையின் உயிரான சொல்லே இப்படிச் சிதைகிறது. உயர் அதிர்வெண்ணுக்குத் தனி லிமிட்டர் வைத்ததும், ஒலியைப் பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே அமுக்கியதும் இதற்கான விடைகள். 1970களில் பொறியாளர் மைக் டரோவின் மூன்று பட்டைக் கருவி இந்த வழியைப் பரப்பியது.

2001இல் தனியார் பண்பலை வந்தபின், பக்கத்து நிலையத்தைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி நம் நாட்டிலும் வலுத்தது. உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையிலான இடைவெளியைச் சுருக்கினால் சத்தம் கூடியதாகத் தோன்றும். சில நிமிடங்களில் காதும் களைத்துவிடும். 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த பி.எஸ். 1770 அளவுகோல், முள்ளின் உச்சத்தை விட்டுச் செவி உணரும் சத்தத்தை அளக்கிறது. திரையிசைக்கு வைத்த இறுக்கமான அமைப்பிலேயே வானிலை அறிக்கையையும் ஓட்டுவது தவறு என்றே நான் கருதுகிறேன். அறிக்கைக்கு வேண்டியது வேறு: சில வினாடிகள் எடுத்து நகரும் மெதுவான கெயின், பேச்சு நின்றால் அதை நிறுத்திப் பிடிக்கும் கேட், மிதமான அமுக்கம், உரசொலிக்குத் தனி லிமிட்டர்.

எந்தக் கருவியும் பண்பலையின் எல்லையைத் தாண்டி உதவாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, முன்னமே ஆழ்கடல் போயிருந்த குமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அது தொலைவின் சிக்கல். அதற்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்பு வேண்டும். கரையோரம் கட்டுமரத்தில் போகிறவருக்கோ, எட்டும் அலையில் வரும் சொல்லை முழுதாகக் கேட்கச் செய்வது நிலையத்தின் ஒலிமட்ட அமைப்பே.