தலைகீழாகப் பிடித்த கிட்டார்

சிறந்த கிட்டார் கலைஞர்களின் பட்டியல்களில் வேகம்தான் பெரும்பாலும் அளவுகோல். பெயர்களும் பெரும்பாலும் ஆண்களுடையவை. எனக்குப் பிடித்தவர் எலிசபெத் காட்டன். 1893இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த கூலியில் கிட்டார் வாங்கினார். இடக்கைப் பழக்கம் உள்ளவர். தந்திகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரையே திருப்பிப் பிடித்தார். அதனால் வழக்கமாகக் கட்டைவிரல் மீட்டும் கனத்த தந்திகள் மற்ற விரல்களுக்குப் போயின. மெட்டு கட்டைவிரலுக்கு வந்தது. 'காட்டன் பிக்கிங்' என்று இன்றும் பலர் பழகுவது இதைத்தான்.

சிறுவயதிலேயே 'ஃபிரெய்ட் டிரெயின்' பாட்டைக் கட்டினார். பிறகு திருமணம், குழந்தை. உலகியல் பாட்டு ஆகாது என்றது தேவாலயம். பல பத்தாண்டுகள் அவர் கிட்டாரைத் தொடவில்லை. மேதைகள் நாளுக்கு எத்தனை மணிநேரம் சாதகம் செய்தார்கள் என்று எழுதுகிறோம். அப்போது அவர்களுக்குச் சமைத்தது யார் என்று எழுதுவதில்லை. காட்டன் சமைத்துக்கொண்டிருந்தார். வாஷிங்டன் பகுதியில், இசைக் குடும்பமான சீகர்களின் வீட்டில் வேலை செய்தபோதுதான், அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை மறுபடி எடுத்தார்.

முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய பாட்டு பிரிட்டனில் பிரபலமாகியிருந்தது, வேறு இரண்டு ஆண்களின் பெயரில். 1985இல் கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு 92 வயது.