உழவுக்கும் பந்தயத்துக்கும் ஒரே இன்ஜின்

இந்தக் காலாண்டில் ஒரு பழைய கார் இன்ஜினின் கதையைப் பார்ப்போம். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான கதை அல்ல இது. கடைசியில் நம் வளாகத்தின் ஜெனரேட்டர் அறைவரை வந்து நிற்கும் கதை. அதனால் முழுவதும் படித்துவிடுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே மம்சாபுரம் பக்கம் போனால், வயல்களில் சிவப்பு நிற மாசி பெர்குசன் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரில் பாதி ஹாரி பெர்குசன் என்பவருடையது. வட அயர்லாந்துக்காரர். டிராக்டரின் பின்னால் கலப்பையை மூன்று புள்ளிகளில் மாட்டி, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். இன்று நம் ஊர் டிராக்டர்களில் இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரத்தில் அவரிடம் வடிவமைப்பு இருந்தது, தொழிற்சாலை இல்லை. இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியிடம் தொழிற்சாலை இருந்தது, போர்க்கால ஆர்டர்கள் நின்றுபோயிருந்தன. கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஜான் பிளாக் பெர்குசனோடு ஒப்பந்தம் செய்தார். 1946-ல் டி.இ.20 என்ற டிராக்டர் வரத் தொடங்கியது. முதலில் அமெரிக்க கான்டினென்டல் இன்ஜின் பொருத்தினார்கள். 1947 முதல் ஸ்டாண்டர்டின் சொந்த இன்ஜின் பொருத்தப்பட்டது. 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் உருவாயின. அதே குடும்பத்து இன்ஜினைத்தான் ஸ்டாண்டர்ட் கம்பெனி தன் புதிய காரான வேன்கார்டிலும் வைத்தது.

தண்ணீருக்குள் நிற்கும் சிலிண்டர்

அந்த இன்ஜினின் தனித்தன்மை என்ன? பல கார் இன்ஜின்களில் இரும்பு பிளாக்கிலேயே சிலிண்டரைத் துளைத்திருப்பார்கள். தேய்ந்துபோனால் பிளாக்கைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ரீபோர் செய்ய வேண்டும். இந்த இன்ஜினில் அப்படி இல்லை. பிளாக் என்பது ஒரு கூடு. அதற்குள் நான்கு தனித்தனி இரும்புக் குழாய்களை இறக்கி நிறுத்தியிருப்பார்கள். குழாய்க்கு உள்ளே பிஸ்டன் ஓடும். வெளியே நேரடியாகக் குளிர்விக்கும் தண்ணீர் சுற்றி நிற்கும். தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் நான்கு டம்ளர்களை நிறுத்தி வைத்ததுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வெட் லைனர் என்று பெயர்.

இது ஸ்டாண்டர்ட் கண்டுபிடித்ததல்ல. 1934-ல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவாண்ட் காரிலேயே இந்த முறை இருந்தது. ஆனால் உழவனுக்கு இது பெரிய வசதி. இன்ஜினை இறக்காமலே, ஹெட்டையும் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியையும் கழற்றி, பழைய லைனரையும் பிஸ்டனையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. லைனரின் உள்விட்டத்தை மாற்றினால் இன்ஜினின் கொள்ளளவே மாறிவிடும். பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் இந்தக் குடும்பம் முழுக்க 92 மி.மீ.தான். உள்விட்டம் மட்டும் மாறியது. டிராக்டரில் 80 மி.மீ., அதாவது ஏறத்தாழ 1850 சிசி. வேன்கார்டில் 85 மி.மீ., 2088 சிசி. பந்தயக் கதை தொடங்கியது 83 மி.மீட்டரில்.

வயலிலிருந்து பந்தயத்துக்கு

1944-ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி டிரையம்ப் என்ற நிறுவனத்தை வாங்கியிருந்தது. அந்தப் பெயரில் விலை குறைந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய வேண்டும் என்று ஜான் பிளாக் விரும்பினார். புதிய இன்ஜின் செய்யப் பணமும் நேரமும் இல்லை. வேன்கார்டின் இன்ஜினையே எடுத்தார்கள். பந்தயங்களில் இரண்டு லிட்டருக்குள் என்று ஒரு பிரிவு உண்டு. 2088 சிசி அதற்குள் வராது. லைனரை 83 மி.மீ. ஆக்கினார்கள், 1991 சிசி ஆனது. இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 8.5-க்கு 1 என்ற அழுத்த விகிதம். வேன்கார்டில் 68 குதிரைத்திறன் தந்த இன்ஜின், டி.ஆர்.2 என்ற அந்த ஸ்போர்ட்ஸ் காரில் 90 குதிரைத்திறன் தந்தது.

1953 மே மாதம் பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையில், சோதனை ஓட்டுநர் கென் ரிச்சர்ட்சன் அந்தக் காரை மணிக்கு 120 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். 1954-ல் இங்கிலாந்தின் ஆர்.ஏ.சி. ராலியில் முதல் இரண்டு இடங்களும் டி.ஆர்.2-க்கே. 1955-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்று டி.ஆர்.2 கார்களை கம்பெனி இறக்கியது. மூன்றுமே கடைசிவரை ஓடி முடித்தன. பின்னர் மார்கன் என்ற சிறிய நிறுவனமும் இதே இன்ஜினை வாங்கிப் பொருத்தியது. 1962 லெ மானில் இரண்டு லிட்டர் ஜி.டி. பிரிவில் வென்றது அந்த மார்கன்தான். 1961-ல் வந்த டி.ஆர்.4-ல் லைனர் 86 மி.மீ. ஆகி, 2138 சிசியானது.

மதராஸுக்கு வந்த வழி

நம் மாநிலத்துக்கு இந்தக் குடும்பம் வந்தது 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வழியாக. யூனியன் கம்பெனியும் காவன்ட்ரி ஸ்டாண்டர்டும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம் அது. சென்னைக்கு அருகே வண்டலூரில் தொழிற்சாலை. முதலில் வேன்கார்டில் தொடங்கினார்கள். மூத்த குடியிருப்போருக்கு நன்றாக நினைவிருக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1961-ல் வந்தது. அதில் இருந்தது வேறு வகையான, சிறிய 948 சிசி இன்ஜின்.

பெரிய இன்ஜின் கடைசியாகத் தலைகாட்டியது 1985-ல், ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரில். வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அங்கே அது 1977-ல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருது பெற்றது, அதில் 3.5 லிட்டர் வி8 இன்ஜினும் கிடைத்தது. இங்கே அந்த அழகான உடலுக்குள் வேன்கார்டின் வழிவந்த 1991 சிசி இன்ஜின். 83 குதிரைத்திறன். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டி.ஆர்.2 தந்ததைவிடவும் குறைவு! விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1983 இறுதியில் மாருதி 800 வந்த பிறகு சந்தை மாறியும்விட்டது. 1988-ல் வண்டலூரில் கார் உற்பத்தி நின்றது.

பராமரிப்பு: எல்லாம் தண்ணீரில்

இந்த இன்ஜினை இன்றும் ஓட்டுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கவனிப்பது கார்புரேட்டரை அல்ல, தண்ணீரை. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. லைனரின் அடியில், 8 என்ற எண்ணின் வடிவில் இருக்கும் ஒரு கேஸ்கெட்தான் மேலே உள்ள தண்ணீரையும் கீழே உள்ள எண்ணெயையும் பிரிக்கிறது. லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். அந்த உயரம் இருந்தால்தான் ஹெட்டை முடுக்கும்போது லைனர் அழுந்தி, அடி கேஸ்கெட் இறுகும். குறைந்தால் தண்ணீர் கசியும்.

அதனால்தான் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசைப்படி, 100 முதல் 105 பவுண்டு-அடி அளவுக்கு முடுக்கச் சொல்கிறார்கள். ஹெட் கழற்றியிருக்கும்போது லைனர்களைப் பிடித்து வைக்காமல் கிராங்கைச் சுற்றக் கூடாது. பிஸ்டனோடு லைனரும் மேலே எழும்பிவிடும், அடி கேஸ்கெட் போய்விடும்.

அடுத்தது துரு. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் சேர்வதை நம் வீடுகளில் பார்க்கிறோம். அதையே ரேடியேட்டரில் ஊற்றினால், அதே படிவம் லைனரைச் சுற்றிலும் சேரும். துருவும் மண்டியும் அடியில் தங்கி, பிளாக்கின் வடிகால் திருகையே அடைத்துவிடும். பார்ப்பதற்கு ரேடியேட்டர் நிறைந்திருக்கும், லைனரைச் சுற்றிச் சூடு வெளியேறாது. காய்ச்சி வடித்த தண்ணீரும் துருத்தடுப்பான் கலந்த கூலண்டும் ஊற்றி, குறித்த காலத்தில் மாற்றியவர்களின் வண்டிகள்தான் எழுபது ஆண்டுகள் கடந்தும் ஓடுகின்றன.

நம் ஜெனரேட்டர் அறை

அடுக்குமாடி வளாகங்களுக்குப் பொருத்தும் டீசல் ஜெனரேட்டர்களில், தண்ணீரால் குளிரும் பெரிய இன்ஜின்கள் பலவற்றில் இதே வெட் லைனர் அமைப்புதான். டீசலில் ஒரு சிக்கல் கூடுதல். ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் வெளிப்பக்கத் தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் உருவாகி உடைகின்றன. ஆண்டுக்கணக்கில் அவை லைனரின் சுவரில் குழி பறிக்கும், ஒருநாள் ஓட்டையே விழும். இதைத் தடுப்பது கூலண்டில் உள்ள மருந்துதான். வெறும் தண்ணீரால் அது முடியாது.

பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எண்ணெய், பில்டர், பேட்டரி பற்றி எல்லோரும் கேட்கிறோம். இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்:

கூலண்ட் கடைசியாக மாற்றிய தேதி பதிவேட்டில் இருக்கிறதா? இடையில் குறையும்போது குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்களா, தயாரிப்பாளர் சொன்ன கூலண்டா?

வெளியே கசிவு தெரியாமல் கூலண்ட் அளவு அடிக்கடி குறைகிறதா? அப்படியானால் அது உள்ளே போகிறது என்று பொருள்.

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? இருந்தால் இன்ஜினை ஓட்டவே கூடாது. உடனே மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்க வேண்டாம். ஆபரேட்டரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கூலண்ட் மாற்றும் செலவு சில ஆயிரங்களில் முடியும். லைனர் ஓட்டையானால் இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். வேலை முடியும்வரை லிப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாற்று மின்சாரம் இருக்காது. மேல்தளத்தில் இருக்கும் முதியவர்களுக்கு அதன் பொருள் என்ன என்று உங்களுக்கே தெரியும். வரும் பொதுக்குழுவில் ஜெனரேட்டர் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கூலண்ட் பத்தியை ஒருமுறை பாருங்கள்.