திராட்சைக் கொடியும் தெளிகருவியும்

விஞ்ஞான வரலாறு எழுதுவோர் மருந்தைக் கண்டறிந்தவரைப் போற்றுவர். அம்மருந்தை இலையிற் சேர்ப்பித்த கருவியைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். போர்தோக் கலவையின் வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்துளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1845 இல் இங்கிலாந்தின் மார்கேற் நகரிற் காணப்பட்ட வெண்சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் போதியதாயிற்று. அதனைத் தூவுதற்குக் கைத்துருத்தியொன்றே அமைந்தது. ஆனால், 1878 இல் பிரான்சிற் புகுந்த அடியிலைப் பூஞ்சணம் கந்தகத்துக்குப் பணியவில்லை.

1882 இல், போர்தோவிலே தாவரவியற் பேராசிரியராயிருந்த மிலார்தே என்பார், மெதொக் பகுதியிலுள்ள சென் சூலியனுக்குச் சென்றபோது, வழியோரக் கொடிகள் மட்டும் இலையுதிராது நிற்கக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறியாதிருத்தற் பொருட்டு, நஞ்செனத் தோன்றுமாறு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அவற்றின்மேற் தெளித்திருந்தனர். கள்வரை அச்சுறுத்த இட்டது பூஞ்சணத்தைத் தடுத்தது! இரசாயனவியலார் கயோன் துணைசெய்ய, ஆராய்ந்து 1885 இல் மிலார்தே வெளியிட்ட அளவு இது: துத்தம் 8 கிலோகிராம், நீர் 100 லீற்றர், அதனோடு சுட்ட சுண்ணாம்பு 15 கிலோகிராம், அதனைக் கரைக்க நீர் 30 லீற்றர்.

இக்குழம்பை எவ்வாறு தெளித்தனர்? தொழிலாளி ஒரு கையிற் கலவைப் பாத்திரத்தையும் மறு கையிற் சிறு துடைப்பத்தையும் கொண்டு, தோய்த்துத் தோய்த்து உதறினான். நம் வீட்டு முற்றத்துக்குச் சாணநீர் தெளிப்பதை ஈண்டு நினைத்துக்கொள்க. ஓரிலை நனைந்தால் அடுத்தவிலை தப்பும். தப்பிய இலையில் வித்தி முளைக்கும். இம்மருந்து வந்த நோயைத் தீர்ப்பதன்று, வருமுன் காப்பது. ஆகவே, சீராகப் படியாத மருந்து பாதி மருந்தேயாம்.

இக்குறையைத் தீர்த்தது ஒரு சிறு துளை. அமெரிக்கப் பூச்சியியலார் றைலி, பருத்திப் புழுவை ஒழிக்கும் முயற்சியில் 1880களின் தொடக்கத்திற் சுழல்முனையொன்றைப் பயன்படுத்தினார். நீர் ஒரு சிற்றறையினுள் ஓரமாகப் புகுந்து சுழன்று, நடுத்துளையாற் பனிபோல விரிந்து வெளியேறும். பிரான்சில் வில்பிறான்சு நகரத்துத் தொழிலதிபர் வேமொறேல் இதனைத் திருத்தி, சுண்ணாம்புக் கட்டி அடைத்தால் அதனைக் குத்தி நீக்குவதற்கு ஊசியொன்றையும் பொருத்தினார். 'மின்னல்' எனப் பொருள்படும் 'எக்ளேர்' என்னும் அவரது கருவியைத் தொழிலாளி முதுகிற் சுமந்து, ஒரு கையால் நெம்பை அசைத்து, மறு கையாற் குழலைத் திருப்புவான். துத்தநீர் இரும்பை அரிக்குமாதலாற் கலம் செம்பினால் ஆயது. பின்னர்த் துத்தத்தின் அளவும் பெரிதுங் குறைக்கப்பட்டது.

இலங்கைக்கோ இவையாவும் காலந்தாழ்த்தே வந்தன. 1869 இல் ஈண்டுத் தோன்றிய கோப்பித் துருநோயை மாஷல் உவாட் 1880 முதல் 1882 வரை ஆராய்ந்து, அதன் வித்திகள் காற்றாற் பரவுதலை விளக்கினார். போர்தோக் கலவை வெளிவந்த 1885 இற் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிவுற்றிருந்தன. 1946 இல் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியபோதோ, செப்பு மருந்தும் முதுகுத் தெளிகருவியும் ஆயத்தமாயிருந்தன, தேயிலை பிழைத்தது.

சுமந்தவன் நிலை வேறு. இலையெங்கும் படியுமாறு நுண்மையாக்கப்பட்ட அதே பனிப்படலம் அவன் மூச்சினுள்ளும் சென்றது. போர்த்துக்கலிலே பல்லாண்டுகள் போர்தோக் கலவை தெளித்த திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் நுரையீரலிற் செப்புப் படிந்து நோய் விளைத்திருத்தலை மருத்துவர் இருவர் 1969 இல் எடுத்துக்காட்டினர். மிலார்தேயின் வெளியீட்டுக்கும் அதற்கும் இடையே 84 ஆண்டுகள் கழிந்திருந்தன.